கலாமணியின் பதிலாள்

கலாமணி குற்றவாளி என்று தீர்ப்பான நேரத்தில், கலாமணி தன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, வராத சிலிண்டருக்காக யாரோ ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நீதிமன்றத்தில் நின்றது அவருடைய பதிலாள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு அதுவும் மன்னிப்புத்தான் கேட்டது. மொத்தம் நாற்பது நொடி. அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் வக்கீல். பெயர் குழந்தைவேலு. முப்பத்தோரு வருஷமாக எங்கள் ஊர் நடுவர் நீதிமன்றத்தில் சின்னக் கேஸ்களாகப் பார்த்தே தலை நரைத்தவன். குடித்துவிட்டுச் சத்தம் போட்டவன், பக்கத்து வீட்டு வேலியைப் பிடுங்கினவன், லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினவன், இவர்கள்தான் என் ஆட்கள். இலவச சட்ட உதவி மையத்தின் பட்டியலிலும் என் பெயர் உண்டு. பெரிய கேஸ் எதுவும் என்னைத் தேடி வந்ததில்லை. வந்திருந்தால் நான் பின்வாசல் வழியாகப் போயிருப்பேன்.

பதிலாள் திட்டம் வந்தபோது, நல்ல காரியம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சின்னக் கேஸில் மாட்டியவனுக்கு உண்மையான தண்டனை அபராதம் கிடையாது, அலைச்சல்தான். ஆறு வாய்தா, ஆறு நாள் லீவு, வேப்பமரத்தடியில் பகல் முழுக்கக் காத்திருப்பு, சாயங்காலம் 'அடுத்த மாதம் வா'. இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஸ்டேஷனில் ஒரு தொடுதிரைப் பலகையின் மேல் விரலை வைத்தால் போதும். உங்கள் பெயரில் எங்கெல்லாம் பேச்சுப் பதிவு இருக்கிறதோ அதையெல்லாம் வாரிக் கொண்டுவந்து, உங்களைப் போலவே யோசித்து உங்களைப் போலவே பதில் சொல்கிற ஒன்றை ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார்கள். கூண்டில் உள்ள திரையில் உங்கள் முகத்தோடு அது வந்து நிற்கும். நீங்கள் வேலையைப் பார்க்கலாம். அது சொன்னால் நீங்கள் சொன்ன மாதிரி. சட்டம் அப்படி எழுதியிருக்கிறார்கள். வக்கீல் வேண்டும் என்று கேட்க உரிமை அப்போதும் இருந்தது, ஆனால் அதற்கு அந்தப் பலகையில் மூன்றாவது பக்கம் வரை போக வேண்டும். யாரும் போவதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

தீர்ப்பாகி இருபத்திரண்டாம் நாள் கலாமணி என் அறைக்கு வந்தார். வயது நாற்பத்தொன்று. வெளியே நல்ல மழை. குடையிலிருந்து தண்ணீர் சொட்டியதற்கு மன்னிப்புக் கேட்டார். போன் பண்ணாமல் வந்ததற்குக் கேட்டார். நாற்காலியை இழுத்தபோது சத்தம் வந்ததற்குக் கேட்டார். என் குமாஸ்தா நாச்சிமுத்து உள்ளேயிருந்து தும்மினார், அதற்கும் கேட்டார். உட்காருவதற்குள் ஒன்பது மன்னிப்பு ஆனது என்று நாச்சிமுத்து பிற்பாடு கணக்குச் சொன்னார்.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் ஒரு தனியார் மருத்துவமனையில் படுத்திருந்த தோழியைப் பார்க்கப் போயிருக்கிறார். திரும்பும்போது வாசல் கம்பத் தடுப்பு பாதி தூக்கினபடி நின்றுவிட்டது. பின்னால் வரிசை கட்டின இருசக்கர வண்டிக்காரர்களுக்குப் பொறுமை இல்லை. நாலைந்து பேர் முட்டிக்கொண்டு புகுந்ததில் கம்பம் முறிந்து, காவலாளி மாரப்பனின் மணிக்கட்டில் விழுந்தது. இடித்தவர்கள் போய்விட்டார்கள். கலாமணி மட்டும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து, தன் துப்பட்டாவால் அந்த மனிதரின் கையைக் கட்டி, உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்திருக்கிறார். வாசல் கேமராவில் ஓடின வண்டிகளின் எண்கள் எல்லாம் கலங்கலாக விழுந்திருந்தன. நின்ற வண்டியின் எண் மட்டும் பளிச்சென்று இருந்தது. அலட்சியத்தால் காயம் உண்டாக்கியது, சொத்துக்குச் சேதம் விளைவித்தது என்று கேஸ்.

அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று ஸ்டேஷனில் சொன்னார்களாம். அவரும் கட்டிவிட்டார். பிறகுதான் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. கலாமணி ஒரு சமையல் கேஸ் ஏஜென்ஸியின் புகார்ப் பிரிவில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார். குற்றவியல் தண்டனை பெற்றவர் வாடிக்கையாளர்களின் வீட்டு விவரங்களைக் கையாளக் கூடாது என்று ஒரு விதி. கடிதம் கிடைத்து முப்பது நாளுக்குள் தண்டனையை ரத்து செய்துகொண்டு வராவிட்டால் வேலை கிடையாது. கணவர் இறந்து ஏழு வருஷம். மகள் கோயமுத்தூரில் விடுதியில் தங்கி நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இந்த வேலை போனால் அந்தப் படிப்பு பாதியில் நிற்கும். அதைச் சொல்லும்போதும் சத்தம் தாழ்த்தித்தான் சொன்னார், என்னமோ எனக்குத் தொந்தரவு கொடுக்கிற மாதிரி.

"கம்பத்தை நீங்க இடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவர் குடையைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"இல்லீங்க சார்," என்றார் கடைசியில். பிறகு, "மன்னிச்சுக்குங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. செய்யாததற்கு எதற்கம்மா மன்னிப்பு, இதைத்தானே அந்தப் பதிலாளும் சொல்லித் தொலைத்தது என்று கத்தினேன். கத்தினதற்கும் அவர் மன்னிப்புக் கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டேன்.

நீதிமன்ற ஒலிப்பதிவை வாங்கிக் கேட்டேன். அச்சு அசல் அவர் குரல். 'எங்களால உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப வருத்தமுங்க. என் தப்புதானுங்க. இனி இப்படி நடக்காம பாத்துக்கறனுங்க.' எவ்வளவு பணிவு, எவ்வளவு கனிவு. நானாக இருந்தால் அந்தக் குரலுக்காகவே விடுதலை செய்திருப்பேன். ஆனால் சட்டத்துக்கு அது ஒப்புதல் வாக்குமூலம்.

தப்பிக்க ஒரே வழி ஒப்பாமை மனு. அதாவது, இந்தப் பதிலாள் என்னைப் போல் இல்லை என்று நிரூபிப்பது. எங்கள் ஜில்லாவில் அதுவரை பதினேழு பேர் போட்டிருந்தார்கள், ஒருவரும் ஜெயிக்கவில்லை. நிபுணர் அறிக்கை ஒவ்வொரு முறையும் தொண்ணூற்றாறு சதவீதம், தொண்ணூற்றேழு சதவீதம் என்று வந்துவிடும். கலாமணிக்கு வந்தது தொண்ணூற்றொன்பது. அது அவரைப் போலவே இருந்தது. அதுதான் எங்கள் கஷ்டம்.

இரண்டு நாள் அந்த அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிற்சேர்க்கையில், பதிலாளைச் செய்ய எடுத்த பேச்சுப் பதிவுகள் எத்தனை மணி நேரம் என்று ஒரு வரி இருந்தது. பதினோராயிரத்துச் சொச்சம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"உங்க சொந்த போன்ல ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவீங்க?"

"சொந்த போன்லயா? எங்கீங்க சார் பேசறது. ஞாயித்துக்கெழம பாப்பா கூப்பிடுவா. அவதான் பேசுவா, நான் கேட்டுட்டு இருப்பனுங்க."

"அப்ப இந்தப் பதினோராயிரம் மணி நேரம்?"

அவர் யோசித்தார். "ஆபீஸ்ல ஒவ்வொரு போனையும் பதிவு பண்ணுவாங்க சார். என்ற பேர்லதான் இருக்குமுங்க."

எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கும் விளங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னேன். பதிலாளைச் செய்த அந்தப் பெட்டிக்கு நீங்கள் யார் என்று தெரியாது அம்மா, உங்கள் நாற்காலியைத்தான் தெரியும். பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு அறுபது பேர் உங்களிடம் கோபமாகப் பேசியிருக்கிறார்கள். லாரி வராதது, டெலிவரிக்காரன் படி ஏற மாட்டேன் என்றது, கம்ப்யூட்டர் படுத்தது, எதுவும் நீங்கள் செய்ததில்லை. எல்லாவற்றையும் என் தப்பு என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். யாராவது குற்றம் சொன்னால் இந்தப் பெண் ஒப்புக்கொள்வாள் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது.

"அப்படிச் சொல்லாட்டி அவங்க போனை வெக்க மாட்டாங்க சார்," என்றார். "நம்ம தப்புன்னு சொன்னா அவங்களுக்கு மனசு ஆறிரும். நமக்கு என்ன கொறஞ்சு போச்சுங்க. அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

என்ன குறைந்து போகும் என்பது இப்போது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. நடுவர் கலாமணியை நேரில் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் தினமும் ஐந்தரை மணிக்கு அவரை வரச்சொல்லிப் பழக்கினேன். நான் நடுவர், நாச்சிமுத்து அரசு வக்கீல். கம்பத்தை உடைத்தது நீங்களா என்று நாச்சிமுத்து மிரட்டலாகக் கேட்பார். நான் இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரு குழந்தை சொல்லிவிடும். கலாமணி, 'நான் இல்லீங்க, மன்னிச்சுக்குங்க' என்பார். மறுபடி ஆரம்பிப்போம். 'நான் இல்லீங்க' என்று நிறுத்திவிட்டு, உதட்டுக்குள் மிச்சத்தை முணுமுணுப்பார். நாச்சிமுத்துவுக்கே மனசு கேட்காமல், இந்தம்மாவை இனிமேல் என்னால் மிரட்ட முடியாது என்று நாலாம் நாள் ஒதுங்கிக்கொண்டார். ஏழாம் நாள்தான் முதல்முறையாக, ஒட்டு எதுவும் இல்லாமல் ஒரு 'இல்லீங்க' வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் டீ வரவழைத்தேன்.

புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு மனுவை எடுத்தார்கள். நடுவர் ஒரு அம்மையார். அதிகம் பேச மாட்டார், ஆனால் காகிதத்தைப் படித்துவிட்டு வருகிறவர். எங்கள் கோர்ட்டில் அது பெரிய விஷயம்.

பதிவுகள் எல்லாம் ஆபீஸ் போன்தான் என்று நிரூபிக்க ஏஜென்ஸி மேலாளர் சென்னியப்பனைச் சாட்சியாக அழைத்திருந்தேன். அழைத்தது நான்தான், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா, மரியாதையான மனிதர். கலாமணியைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"பன்னண்டு வருஷத்துல ஒரு கஸ்டமரு கூட இந்தம்மா மேல கோவத்தோட போனை வெச்சதில்லீங்க. எங்க ஏஜென்ஸி பேரு நிக்கறதே இவங்க பேச்சுலதானுங்க."

சாட்சி முடிந்தும் அவர் போகவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

பிறகு பதிலாளை விசாரிக்க அனுமதி கேட்டேன். திரை வெளிச்சமானது. கலாமணி முகம், கலாமணி பொட்டு, கலாமணி மாதிரியே கொஞ்சம் முன்னால் சாய்ந்த கழுத்து. உண்மையான கலாமணி என் பக்கத்தில் உட்கார்ந்து தன் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

நேற்று மதியம் இந்தக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் மின்சாரம் போனதே, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டேன்.

"சிரமத்துக்கு ரொம்ப வருத்தமுங்க சார். எங்க தப்புதானுங்க. இப்பவே பாக்கச் சொல்றனுங்க," என்றது பதிலாள்.

போன வருஷம் ஐப்பசியில் மழை பெய்யாததற்கு யார் காரணம் என்று கேட்டேன். அதற்கும் வருந்தியது. டவுன் பஸ் இன்று தாமதமாக வந்ததற்கு வருந்தியது. நான் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் தோற்றதற்கு, அப்போது கலாமணி பிறக்கவே இல்லை, இன்னும் அதிகமாக வருந்தியது. அரசு வக்கீலுக்கு இரண்டு நாளாகக் கடைவாய்ப் பல்லில் வலி. அதையும் கேட்டேன். 'இனி இப்படி நடக்காம பாத்துக்கறனுங்க' என்றதும் கோர்ட்டே சிரித்தது. கடைசி பெஞ்சில் சென்னியப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு உள்ளூர ஒரு மிதப்பு. முப்பத்தோரு வருஷத்தில் என் குறுக்கு விசாரணைக்கு யாரும் இப்படிச் சிரித்ததில்லை.

அரசு வக்கீல் எழுந்தார். இது வெறும் உபசாரப் பேச்சு, சட்டப்படி கேட்க வேண்டிய முறையில் கேட்டால் அதற்கு வித்தியாசம் தெரியும் என்றார். அதில் நியாயம் இருந்தது. நடுவரும் தலையசைத்துவிட்டு, தானே கேட்கிறேன் என்று திரையின் பக்கம் திரும்பினார்.

"இது நீதிமன்றம். நீங்க சொல்றது உங்களுக்கு எதிராவே பயன்படும். யோசிச்சு உண்மையைச் சொல்லுங்க. போன மாசம் மஞ்சள் கிடங்கு தீப்பிடிச்சு எரிஞ்சது. தீ வெச்சது யாரு?"

"நான்தானுங்கம்மா," என்றது கலாமணியின் குரல், அதே கனிவோடு. "என் தப்புதானுங்க. மன்னிச்சுக்குங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தீ வைப்புக்காக ஒருவன் மூன்று வாரமாகச் சிறையில் இருக்கிறான். அந்தக் கேஸை நடத்துகிறவரும் இதே அரசு வக்கீல்தான். அவர் பல் வலியை மறந்து உட்கார்ந்துவிட்டார். நடுவர் சிறிது நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். இதுவரைக்கும் எத்தனை பேரை இந்த மாதிரிப் பதிலாட்களின் பேச்சைக் கேட்டுத் தண்டனை எழுதி அனுப்பினோமோ என்று அவர் நினைத்திருக்கலாம். நான் நினைத்தேன்.

"கலாமணி, நீங்க எழுந்திரிங்க," என்றார் நடுவர்.

அவர் எழுந்தார்.

"அந்தக் கம்பத்தை இடிச்சது நீங்களா?"

அவருடைய உதடு குவிந்தது. அந்த வார்த்தைக்கு முன்னால் எப்படிக் குவியுமோ அப்படிக் குவிந்தது. அவர் அதை விழுங்கினார்.

"இல்லீங்கம்மா. நான் இடிக்கலீங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

பதிலாள் சொன்ன ஒப்புதல் செல்லாது, தண்டனை ரத்து என்று நடுவர் அங்கேயே உத்தரவு போட்டார். காவலாளி மாரப்பனும் பிறகு ஸ்டேஷனுக்கே போய், கையைக் கட்டிவிட்ட பெண்ணை நான் எப்படிக் குற்றம் சொல்வேன், யாராவது ஒரு பெயர் வேண்டும் என்றுதான் எழுதிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டார். அதோடு கேஸே இல்லாமல் போனது. கலாமணி கோர்ட் வாசலிலேயே மகளுக்குப் போன் போட்டார். அன்றைக்கு அவர்தான் பேசினார். அந்தப் பக்கம் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இங்கேயே கதையை முடித்துவிட்டால் எனக்கு நல்லது. முடியாது.

நடுவர் ரத்து செய்தது ஒப்புதலை. பதிலாளை அல்ல. அதைக் கலைக்கத் தனியாக ஒரு மனு போட வேண்டும், அரைப் பக்க மனு. அதைப் போடாதவரை பதிலாள் உயிரோடுதான் இருக்கும், கோர்ட்டுக்கு வெளியே யார் எதைக் கேட்டாலும் அது சொன்னால் அவர் சொன்ன மாதிரிதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் வியாழக்கிழமை போட்டுவிடலாம் என்று நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்குக் கரிநாள், நாளன்னைக்கு அஷ்டமி, ஜெயித்த கையோடு கெட்ட நாளில் மனு போட வேண்டாம், திங்கட்கிழமை நல்ல முகூர்த்தம் என்றார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் முப்பத்தோரு வருஷத்தில் கரிநாளில் நான் ஒரு மனுவும் போட்டதில்லை. எங்கள் கோர்ட்டில் யாரும் போடுவதில்லை. அன்றைக்கு மனுப் பெட்டி காலியாகத்தான் இருக்கும். சரி, திங்கட்கிழமை என்றேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நாச்சிமுத்து மனுவைத் தட்டச்சு செய்யக் காகிதம் எடுப்பதற்கு முன்னாலேயே, கலாமணி என் அறைக்கு வந்தார். வேலை நாளில் அந்த நேரத்துக்கு அவர் தன் நாற்காலியில் இருக்க வேண்டும். நாற்காலி இல்லை என்றார்.

நடந்ததை அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். காலையில் போனபோது அவருடைய மேஜை சுவரோரம் நகர்த்தியிருந்தது. சென்னியப்பன் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, காபி கொடுத்திருக்கிறார். கோர்ட்டில் பார்த்ததிலிருந்து தனக்குத் தூக்கமே இல்லை என்றாராம். எவ்வளவு கேட்டாலும் அலுக்காமல், குரல் மாறாமல், பல் வலிக்குக்கூட வருத்தப்பட்டதே, அந்தப் பதிலாளை ஏஜென்ஸிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். ஒரே நேரத்தில் நாற்பது பேரிடம் பேசும். லீவு கேட்காது. முக்கியமாக, அது கலாமணியின் குரல், வாடிக்கையாளர்களுக்குப் பழகின குரல். உங்களுக்கு இனிமேல் வேலை இல்லை என்பதை அவர் ரொம்ப மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்.

"நான் சம்மதிக்க மாட்டேன்னு சொன்னனுங்க சார்," என்றார் கலாமணி. "என்ற குரலு, நான் தர மாட்டேன்னேன். மன்னிப்பெல்லாம் கேக்கலீங்க. நேரா அவரு மூஞ்சியப் பாத்துச் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சாருங்க. உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்னுதான் உங்ககிட்டக் கேக்கலீங்கம்மா, வெள்ளிக்கெழமையே பதிலாளுகிட்டக் கேட்டுட்டோம், சரிங்கன்னு சொல்லிருச்சு அப்படின்னாரு. இந்தாங்கன்னு காகிதத்தையும் காட்டுனாரு. தாமதமா ஒத்துக்கிட்டதுக்கு மன்னிப்பு வேற கேட்டிருக்குதுங்க."

காகிதத்தின் நகலை என் மேஜையில் வைத்தார். வெள்ளிக்கிழமை, காலை பத்து நாற்பது. பதினைந்து வருஷத்துக்கு ஒப்பந்தம். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. வியாழக்கிழமை அரைப் பக்கம் எழுதியிருந்தால் வெள்ளிக்கிழமை கேட்பதற்கு அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நாச்சிமுத்து கதவோரம் நின்றிருந்தார். அவரைத் திட்டலாம் என்று ஒரு நொடி தோன்றியது. பஞ்சாங்கத்தைத் திட்டலாம், சென்னியப்பனைத் திட்டலாம், இப்படி ஒரு சட்டம் எழுதினவர்களைத் திட்டலாம். ஆனால் பெஞ்சில் இருந்தவர்களைச் சிரிக்கவைக்க அந்தக் குரலைக் கூண்டில் ஏற்றி, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு விளம்பரம் செய்தவன் நான். கலைக்க மறந்தவனும் நான். தெரிந்தே தள்ளிப் போட்டதற்கு மறதி என்று பெயர் வைக்கக் கூடாது.

"என் தப்புதாம்மா," என்றேன். "மன்னிச்சிருங்க."

எங்கள் பக்கத்தில் ஒருவர் இப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் உடனே, அய்யோ அதெல்லாம் இல்லீங்க, விடுங்க என்பார். கலாமணி பன்னிரண்டு வருஷமாக அதைவிட நன்றாகச் சொன்னவர். நான் அதற்காகக் காத்திருந்தேன் என்பதுதான் உண்மை. சொல்லிவிட்டால் எனக்கு மனசு ஆறிவிடும்.

அவர் நாற்காலியை இழுத்தார். தரையில் கரகரவென்று சத்தம் வந்தது. உட்கார்ந்து, என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க சார்," என்றார். "உங்க தப்புதானுங்க."

பிறகு, பதிலாளைக் கலைக்கிற மனுவை இப்போதே எழுதச் சொன்னார். எழுதி முடிக்கிற வரைக்கும் இங்கேயே இருப்பதாகச் சொன்னார். நான் காகிதத்தை எடுத்தேன்.